இதே நாளில், நவம்பர் 22

அக்டோபர் 3

பேசக் கூடாதாம். ஒரு வார்த்தைகூடக் கூடாதாம். டாக்டர் சொன்னார், என் மனைவி செசிலி வீட்டுக்கு வந்ததும் அதைச் சட்டமாக்கிவிட்டாள். முப்பது வருஷம் மேடையில் தொண்டை கிழியப் பாடியவன், பாட்டு இல்லாத நேரத்தில் டீக்கடையில் தொண்டை கிழியப் பேசியவன், இப்போது குழம்பில் உப்புப் போதவில்லை என்றால் ஜாடியைக் கைகாட்ட வேண்டியிருக்கிறது. இப்படியே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் உரக்கடையில் இனாமாகக் கொடுத்த இந்த டைரியை எடுத்துவிட்டேன். பேச வேண்டியதையெல்லாம் இதில் கொட்டப்போகிறேன்.

ஆகஸ்டில் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். தைராய்டில் வந்த கட்டி. கெட்ட கட்டிதான், ஆனால் முழுசாக எடுத்தாகிவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நல்லது. கண் விழித்ததும் செசிலியைக் கூப்பிட்டேன். சைக்கிள் டியூபிலிருந்து காற்று போகிற சத்தம்தான் வந்தது. இன்றுவரை அதேதான். உள்ளே வீக்கம் இருக்கிறது, வற்றினால் குரல் வந்துவிடும் என்று டாக்டர் செசிலியிடம் சொன்னாராம். நான் பொறுக்காமல் குளியலறையில் பாடிப் பார்த்து, தொண்டை ரணமாகி, அதற்குத்தான் இப்போது இந்தத் தண்டனை.

வற்றட்டும். ஆனால் நவம்பர் 22க்குள் வற்றியாக வேண்டும். அன்றைக்கு நான் பாடாவிட்டால் வேறு எவனாவது பாடுவான். ஒரு தடவை எவனாவது பாடிவிட்டால் அப்புறம் அவன்தான்.

அக்டோபர் 4

நவம்பர் 22, பாடகர் சந்திரகாந்தன் பிறந்த நாள். மனிதர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, ஆனால் அவர் குரலில் பாடுவதற்குத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு சந்திரகாந்தன் இருக்கிறான். தேனிச் சந்திரகாந்தன் எல்லாவற்றையும் மூக்காலேயே பாடுவான். கரூர்ச் சந்திரகாந்தன், சொந்தப் பெயர் வேலுச்சாமி, குரல் இருக்கிறது, மூச்சு கிடையாது. சரணத்தில் ஒரு சொல்லை நடுவில் உடைத்து மூச்சு வாங்குவான். கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

திண்டுக்கல் சந்திரகாந்தன் நான். இன்னாசி என்கிற பெயர் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும். வருஷா வருஷம் அந்தத் தேதியில் எங்கள் நியூ கோல்டன் பீட்ஸ் குழு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கல்யாண மண்டபத்தில் சந்திரகாந்தன் பாட்டு மட்டுமே வாசிக்கும். கீபோர்டு செல்வின்தான் குழுவுக்குத் தலைவன். முதல் பாட்டுக்கு முன்னால் தொகுப்பாளர் முத்தழகு, ‘இதே நாளில்’ என்று ஆரம்பித்து, நவம்பர் 22இல் பாட்டு உலகத்தில் என்னென்ன நடந்தது, யார் யார் பிறந்தார்கள் என்று ஒரு தாளைப் பார்த்து வாசிப்பான். கைதட்டல் அள்ளும். தாள் என்னுடையது. பழைய பாட்டுப் புத்தகம், சினிமாப் பத்திரிகை எல்லாம் தேடித் துருவி எழுதுவது நான். முத்தழகுக்கு வாய் மட்டும்தான் சொந்தம்.

செல்வின் போன் பண்ணினான். செசிலி ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அண்ணே, பேசாதீங்க, நான் மட்டும் பேசுறேன். இந்த வருஷமும் அந்தத் தாளை நீங்கதாண்ணே எழுதணும். சும்மாதான இருக்கீங்க.”

தாளைப் பற்றி மட்டும் பேசினான். என்னென்ன பாட்டு என்று கேட்கவில்லை. மறந்துவிட்டான் போல.

அக்டோபர் 9

தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. தலையை இடது பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாக விழுங்க வேண்டும். கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று எனக்கே சிரிப்பு வந்து, சிரித்ததில் மறுபடி புரை ஏறியது. செசிலி முதுகைத் தட்டினாள். அவள் சிரிக்கவில்லை.

கூப்பிடுவதற்கு ஒரு கைமணி வாங்கி வந்திருக்கிறாள். பித்தளை, நல்ல கனம். வீக்கம் வற்றுகிறவரைக்கும் ஒரு தகரமணி போதாதா என்று எழுதிக் காட்டினேன். “இருக்கட்டும்ங்க, தகரம்னா சீக்கிரம் துருப்பிடிச்சுப் போகும்” என்றாள்.

அக்டோபர் 13

தொண்டைக்கு எங்களுக்கு ஒரு புனிதர் இருக்கிறார். பிளேசியார். அவர் திருநாளில் சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவையாகப் பிடித்துக் கழுத்தில் வைத்து ஜெபிப்பார். போன வருஷம்வரை நான் அந்தப் பூசைக்கே போனதில்லை, எனக்கெல்லாம் எதற்கு என்று இருந்தேன். இன்று செசிலியை இழுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன்.

“யோவ், அது பிப்ரவரி மாசம்யா. இப்ப வந்து கழுத்தை நீட்டுனா?” என்று சாமியார் சிரித்தார்.

பிப்ரவரிவரைக்கும் நேரமில்லை என்று எழுதிக் காட்டினேன். நவம்பர் 22 என்று அதற்கு இரண்டு கோடு போட்டேன். சாமியார் செசிலியைப் பார்த்தார். செசிலி செருப்பைப் பார்த்தாள். அப்புறம் மனிதர் உள்ளே போய் மெழுகுதிரி எடுத்து வந்து, ரொம்ப நேரம் ஜெபித்தார். கடைசியில் என் தோளைப் பிடித்து, “தைரியமா இருய்யா” என்றார். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன்.

அக்டோபர் 19

தாள் வேலை ஆரம்பித்துவிட்டேன். இதுவரை கிடைத்தவை:

சந்திரகாந்தன் உடுமலைப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தார். இது தலைப்பில்.

கிளாரினெட் சோலைமணி பிறந்ததும் இதே நாள்தான். அந்தக் காலத்தில் சோகப் பாட்டில் கிளாரினெட் அழுதால் அது சோலைமணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கடைசிக் காலத்தில் பல் கொட்டிப்போய் வாசிக்க முடியாமல் வீட்டிலேயே கிடந்தார் என்று ஒரு பத்திரிகையில் இருக்கிறது. அதை எழுதவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அது எதற்கு?

இசையமைப்பாளர் ராமபத்திரன் முதல்முதலாக எலெக்ட்ரிக் கிடார் வைத்துப் பாட்டுப் பதிவு செய்தது இதே நாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொந்த அம்மாவே, இது என்னடா தகரத்தைச் சுரண்டுற சத்தம் என்று திட்டினாளாம். ஜனங்கள் ரசிப்பார்கள்.

சேலத்தில் மைக் அவிந்துபோய்க் கூட்டம் கல்லெறிய ஆரம்பித்தபோது, சந்திரகாந்தன் மைக் இல்லாமலே மேடை ஓரத்துக்கு வந்து நின்று பாடி அத்தனை பேரையும் உட்கார வைத்தார். அதுவும் நவம்பர் 22. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. வருஷா வருஷம் முத்தழகு இதை வாசிக்கும்போது திரைக்குப் பின்னால் எனக்குப் புல்லரிக்கும், அதே சூட்டோடு முதல் பாட்டுக்கு இறங்குவேன்.

புனித செசிலியாள் திருநாளும் அதுதான், இசைக்காரர்களுக்குப் பாதுகாவலி. கோயிலில் பாடுகிற கொயர்காரர்கள் முன் வரிசையில் இருப்பார்கள், அவர்களுக்காக ஒரு வரி.

செசிலி காபி வைக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். “அன்னிக்குப் பொறந்ததுனாலதான் எனக்கு இந்தப் பேரு வச்சாங்க. இருபத்தாறு வருசமா அந்தத் தேதில நீங்க வீட்ல இருந்ததில்ல” என்றாள். சும்மா சொன்னாள், சண்டைக்கு வரவில்லை. பதில் எழுதலாமென்று பார்த்தேன், அதற்குள் போய்விட்டாள்.

அக்டோபர் 26

மதுரைக்குப் போனோம். குரல் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர், என் மகள் வயதிருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். இனி கொஞ்சம் பேசலாம், ஆனால் அவர் சொல்கிற மாதிரிதான் பேச வேண்டுமாம்.

“ஐயா, ‘ஆ’ சொல்லுங்க.”

நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையை இறுக்கி, சந்திரகாந்தனின் ‘ஆ’வுக்கு வாயைத் திறந்தேன். காற்றுதான்.

“இறுக்காதீங்கய்யா. அவரு குரல் வேணாம். உங்க குரல்ல சொல்லுங்க.”

எது என் குரல்? பத்தொன்பது வயதில் சந்திரகாந்தனைப் பிடித்தேன், அப்புறம் பால்காரனிடம் பேசினால்கூட அவர் குரல்தான். அந்த அம்மாவிடம் இதை எழுதிக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, “முப்பது வருசம் தொண்டையப் போட்டு நெரிச்சிருக்கீங்க” என்றார். நெரிக்கவில்லையம்மா, அதில்தான் சோறு தின்றோம்.

22ஆம் தேதி பாட முடியுமா என்று கேட்டேன். “முதல்ல புரையேறாமத் தண்ணி குடிக்கப் பழகுவோம்யா” என்றார். கேட்டதற்குப் பதில் சொல்கிற பழக்கம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கிடையாது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூ வைத்தோம். செசிலி தேம்பித் தேம்பி அழுதாள். உயிரோடிருந்தவரைக்கும் அவளுக்கு எங்கள் அப்பாவைக் கண்டாலே ஆகாது.

நவம்பர் 8

செல்வின் வந்தான். சின்னக் கீபோர்டு கொண்டுவந்திருந்தான். பயிற்சி அம்மா சொன்ன மாதிரி ஒரே ஒரு சுரம் பிடித்துப் பார்க்கலாமென்று நான்தான் வரச்சொல்லிச் செசிலி போனிலிருந்து மெசேஜ் அனுப்பினேன்.

அவன் காபி குடிக்கப் போன நேரத்தில் கீபோர்டைத் தட்டினேன். சுருதி இறக்கி வைத்திருந்தது. ஒன்றரைக் கட்டை கீழே. நான் என்றைக்கும் பாடாத சுருதி. அவன் வந்ததும் அதைக் காட்டி, என்ன இது என்று கையால் கேட்டேன்.

“அது… உங்களுக்கு ஈசியா இருக்கட்டும்னுதாண்ணே” என்றான்.

பாவிப் பயல், கேட்காமலே எனக்காக இறக்கி வைத்திருக்கிறான். கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடித்தேன். அவனும் அழுதான். இந்தக் குழுவில் மனிதன் என்றால் செல்வின்தான்.

நவம்பர் 12

இன்று ‘ஆ’ வந்தது. வந்த மாதிரி இருந்தது.

நவம்பர் 16

போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சந்திரகாந்தன் படம் பெரிதாக, குழுவின் பெயர், செல்வின் பெயர், முத்தழகு பெயர். பாடுபவர் என்று போட்டு ஒன்றுமில்லை, வெறும் இடம். அச்சகத்துக்காரன் விட்டுவிட்டானாம். போனில் செல்வின் சொன்னான். மூளை இருக்கிறவனிடம் கொடுக்க வேண்டியதுதானே.

வெள்ளைக் கோட்டை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னேன். செசிலி புது வேட்டி சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். “கோட்டு வேணாங்க. கழுத்தை இறுக்கும்” என்றாள். வேட்டி கட்டிக்கொண்டு சந்திரகாந்தன் பாட்டைப் பாட முடியுமா? மனிதர் கடைசிவரை கோட்டுப் போட்டுத்தான் பாடினார். பேனா அழுந்தி டைரித் தாளே கிழிகிற மாதிரி எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது, இஸ்திரிக் கடை பூட்டியிருக்கிறது என்றாள்.

நவம்பர் 20

ஒத்திகைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். செசிலி குளித்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படி ஏறும்போதே கேட்டது. சந்திரகாந்தன் குரல். ஒன்றரைக் கட்டை இறங்கிய சுருதி. சரணத்தில் ஒரு சொல் நடுவில் உடைந்தது, மூச்சு வாங்கினான்.

மேலே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்ததும் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். செல்வின் கெட்டிக்காரன். மண்டபம், சவுண்டு சர்வீஸ் எல்லாம் சொல்லியாகிவிட்டது, ஆள் ஒன்று கைவசம் வேண்டாமா? கரூர் வேலுச்சாமி மற்ற பாட்டைப் பாடட்டும். முதல் பாட்டு மட்டும் நான். ஒரே ஒரு பாட்டு. அன்றைக்கு வந்த அந்த ‘ஆ’ இன்னொரு தடவை வந்தால் போதும். சுருதி எனக்காக இறக்கியதல்ல என்பது வேறு விஷயம்.

செசிலியிடம் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு எதற்கு மனக்கஷ்டம்?

நவம்பர் 22

காலைப் பூசைக்குப் போனோம். செசிலியாள் திருநாள் என்பதால் கொயர் நன்றாகப் பாடியது. நான் வாயை மட்டும் அசைத்தேன். தாள் நேற்றே முத்தழகிடம் போய்விட்டது. பனங்கற்கண்டு, மிளகு, வெந்நீர். இந்த வருஷம் நல்ல தாள்.

நவம்பர் 23

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வேட்டி சட்டையில்தான் போனேன். என்னையும் செசிலியையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் போகவேண்டும் என்று எழுந்தேன். செல்வின் ஓடி வந்து, “அண்ணே, இங்கனயே உக்காருங்க, கூப்புடுறோம்” என்றான். கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தேன்.

முத்தழகு ஆரம்பித்தான். இதே நாளில். உடுமலைக்கு ஒரு கைதட்டு. சோலைமணிக்கு ஒன்று. எலெக்ட்ரிக் கிடாருக்கு ஒரே சிரிப்பு. சேலத்துக்கு விசில் பறந்தது. எனக்குப் புல்லரித்தது. செசிலியாளுக்குக் கொயர்காரர்கள் கத்தினார்கள். தாள் அத்தோடு முடிகிறது. நான் எழுதியது அவ்வளவுதான். நான் எழுந்திருக்கத் தயாராக நாற்காலிக் கையைப் பிடித்தேன்.

முத்தழகு தாளைத் திருப்பினான்.

“இதே நாளில்,” என்றான். குரலை இறக்கிக்கொண்டான், சோகத்துக்கு அவன் வைத்திருக்கிற குரல். “நம்ம திண்டுக்கல் சந்திரகாந்தன், நம்ம இன்னாசி அண்ணன், மேடையிலருந்து ஓய்வு பெறுறாரு. கொடிய நோயி அவரு குரலை எடுத்துக்கிருச்சு. இனிமே அந்தக் குரல் திரும்பி வராதுன்னு மருத்துவர்கள் சொல்லிட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சு ஒரு தடவை கைதட்டுங்க சாமி.”

எல்லோரும் எழுந்தார்கள். பின்னால் நாற்காலிகள் தள்ளப்படுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். செசிலியைப் பார்த்தேன். அவள் கைதட்டவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் இப்போதுதான் தெரியும். அவளுக்கும் செல்வினுக்கும் முன்னாலேயே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமியாருக்கும்கூடத் தெரிந்திருக்கிறது.

இரண்டு பேர் என்னைத் தூக்காத குறையாக மேடைக்குக் கொண்டுபோனார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வேலுச்சாமி வெள்ளைக் கோட்டில் வந்து காலில் விழுந்தான். பொன்னாடை வாங்கியவன் கையில் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வது வழக்கம். வழக்கத்துக்கு எவனோ மைக்கை என் வாயருகே நீட்டிவிட்டான். முட்டாள் பயல். என் மூச்சு மண்டபம் முழுக்க ஸ்பீக்கரில் இரைந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அப்புறம் வேலுச்சாமி முதல் பாட்டைப் பாடினான். அதே சொல்லை நடுவில் உடைத்தான். மண்டபத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள், அவன் இன்னொரு தடவை பாடினான், இன்னொரு தடவை உடைத்தான்.

நவம்பர் 24

நேற்று முழுக்க அவளிடம் எழுதவுமில்லை, மணியை அடிக்கவுமில்லை. இன்று காலையில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது இந்த டைரியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். உனக்கு எப்போது தெரியும் என்று எழுதினேன்.

“ஆபரேசன் நடக்குறப்பவே தெரியும்” என்றாள். கையை அரிசியிலிருந்து எடுக்கவில்லை. “டாக்டரு பாதியில வெளிய வந்தாரு. கட்டி கொரல் நரம்பைச் சுத்திப் புடிச்சிருக்கும்மா, நரம்போட அறுத்தா முழுசா வந்துரும், ஆனா பேச்சு போயிரும். நரம்பை விட்டா கட்டி கொஞ்சம் உள்ளயே நின்னுரும், மறுபடி வளரும். என்ன செய்யட்டும்னு கேட்டாரு. அறுத்துருங்கன்னேன்.”

வீக்கம் என்று சொன்னாயே.

“சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் எந்திரிப்பேன். நீங்க வெந்நீர் குடிச்சிட்டு ‘ஆ’ன்னு நிப்பீங்க. வாய் வராது. செல்வின் தம்பிதான், மேடையில வச்சு மரியாதையா அறிவிச்சிருவோம் அக்கா, அண்ணன் மனசு ஆறும்னாரு. சரின்னுட்டேன். அது தப்புத்தான். அதுக்கு மட்டும் என்னைய மன்னிச்சிருங்க.”

அறுப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதினேன்.

“நீங்க மயக்கத்துல கெடந்தீங்க.”

மூடித் தைக்கச் சொல்லிவிட்டு, நான் முழித்ததும் கேட்டிருக்கலாம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். “கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?”

பொய் எழுதியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தால் எழுதியிருக்கவும் வேண்டும். நரம்பை விட்டுவிடச் சொல்லியிருப்பேன் என்று எழுதினேன்.

வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள்.

“தெரியும்ங்க” என்றாள். “நீங்க முழிச்சிருந்து, டாக்டரு காலைப் புடிச்சுக் கெஞ்சியிருந்தாலும் நான் அறுக்கத்தான் சொல்லிருப்பேன்.”

எழுந்து அடுப்படிக்குப் போனாள். உலை கொதித்திருந்தது.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். எழுதித் தீர்க்கிற ஆத்திரமில்லை. அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். அவள் பெயரைச் சொல்லி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, நீ யாரடி என் தொண்டையை அறுக்கச் சொல்ல என்று கத்தினேன். அவள் அரிசியை உலையில் போட்டு, கரண்டியால் கிளறி, தட்டைப் போட்டு மூடினாள். திரும்பவில்லை. அவளுக்குக் கேட்டிருக்காது.